ஆயிரம் ரூபாய்க்குள் ஹேண்டில்பார் அதிர்வை அடக்க முடியுமா? ஃபோம் உறை முதல் ஈயக்குண்டு வரை ஒரு மதிப்புரை

செங்கல்பட்டைத் தாண்டி எண்பதிலேயே முக்கால் மணி நேரம் ஓட்டிவிட்டு டீக்கடையில் நிறுத்தினால், ஹெல்மெட் கொக்கியைக் கழற்ற விரல் ஒத்துழைக்காது. நுனியில் எறும்பு ஊரும். டீ கிளாஸைப் பிடித்தாலும் சூடு உடனே உறைக்காது. பழைய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, புல்லட் 350 வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மருந்து விற்கிற கடைகளுக்கும் குறைவில்லை. சென்னை ஜி.பி. ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தால் ஃபோம் உறை, சிலிக்கான் உறை, கலர் கலராக பார் எண்டு (ஹேண்டில்பாரின் முனையில் மாட்டுகிற குமிழ்), ஆக்சிலேட்டருக்கு உள்ளங்கைப் பட்டை என்று ஒரு பை நிறைய வாங்கிவிடலாம். கடைக்கே போகாமல் ஈயக்குண்டு, மணல், சிலிக்கான் பேஸ்ட், சைக்கிள் ட்யூப் என்று வீட்டுச் சரக்கிலேயே முடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. இவற்றில் எது வேலை செய்கிறது, எது கையை ஏமாற்றுகிறது, எது ஆளையே கவிழ்த்துவிடும் என்பதைத்தான் பார்க்கப் போகிறோம். செலவு வரம்பு ஆயிரம் ரூபாய். விலைகள் கடைக்குக் கடை மாறும். இங்கே சொல்வது தோராயக் கணக்கு.

எடுத்துக்கொண்ட வண்டி யூ.சி.இ. என்கிற பழைய என்ஜின் உள்ள கிளாசிக் 350. ஒற்றை சிலிண்டர், 346 சி.சி., 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக். பிஸ்டனின் உதறலை எதிர் எடையால் சமன்செய்கிற பாலன்சர் ஷாஃப்ட் கிடையாது. 2021 செப்டம்பரில் வந்த ஜே சீரிஸ் கிளாசிக்கில் அது வந்துவிட்டது. புல்லட் 350-க்கு 2023-இல் வந்தது. ஜே சீரிஸ் வண்டியில் கை மரத்துப்போகிறது என்றால் எடை, உறை எதுவும் வாங்காதீர்கள். எங்கோ ஏதோ லூசாக இருக்கிறது, அதைத் தேடுங்கள்.

ஒரே ஒரு கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிதில் விளங்கும். ஒற்றைப் பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது, கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் வண்டிக்கு ஒரு உதறல். 3,000 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 50 உதறல். 4,000 என்றால் சுமார் 67. அதாவது கைக்கு வருகிற முக்கியமான அதிர்வு 50 முதல் 70 ஹெர்ட்ஸ். இந்த எண்ணை வைத்துத்தான் ஃபோமுக்கு மதிப்பெண் குறையப் போகிறது.

முதலில் ஸ்பானர்

காசு போடும் முன் ஒரு சோதனை. ஆளில்லாத நேர் சாலையில் கை மரக்கிற வேகத்துக்குப் போய், ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு கிளட்சைப் பிடியுங்கள். வண்டி அதே வேகத்தில் உருண்டுகொண்டிருக்கும், என்ஜின் மட்டும் ஐட்லிங்குக்கு இறங்கும். அதிர்வு அந்தக் கணமே நின்றால் அது என்ஜினிலிருந்து வருவது. நிற்காமல், வேகம் குறையக் குறைய மெல்லக் குறைந்தால் டயர், ரிம், வீல் பேரிங் பக்கம் போங்கள். இரண்டாவது ரகத்துக்கு ஹேண்டில்பாரில் எவ்வளவு எடை மாட்டினாலும் பலன் இல்லை. ஸ்போக்ஸ் வீல் என்றால் சின்ன ஸ்பானரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டிக்கொண்டே வாருங்கள். இறுக்கமான கம்பி 'டிங்' என்னும், தளர்ந்தது 'டொக்' என்னும்.

என்ஜின்தான் என்று தெரிந்துவிட்டால், என்ஜினைச் சேஸிஸோடு பிடித்திருக்கிற ஃபவுண்டேஷன் போல்ட்டுகளைப் பாருங்கள். இங்கே பலர் செய்கிற தவறு, நீளமான பாரை ஸ்பானரில் மாட்டி ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டே போவது. ஒரு போல்ட் என்ஜினைக் கோணலாக இழுத்துப் பிடித்திருந்தால், மேலும் இறுக்குவது கோணலைத்தான் உறுதியாக்கும். எல்லா மவுண்ட்டிங் போல்ட்டையும் முதலில் ஒரு அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். என்ஜின் தன் எடையில் உட்காரட்டும். பிறகு கீழே பின்பக்கத்திலிருந்து தொடங்கி முன்பக்கம் வந்து, டார்க் ரெஞ்சில் மேனுவல் சொல்கிற அளவுக்கு இறுக்குங்கள்.

டேங்குக்கு அடியில் சிலிண்டர் ஹெட்டைச் சேஸிஸோடு பிடித்திருக்கிற பட்டை, மெக்கானிக்குகள் ஹெட் ஸ்டெடி என்பது, கடைசியில்தான் வர வேண்டும். அதன் துளையும் சேஸிஸ் துளையும் நேராக வரவில்லை, நடுவில் ஒன்றிரண்டு மி.மீ. இடைவெளி தெரிகிறது என்றால் போல்ட்டால் இழுத்து ஒட்டவைக்காதீர்கள். அந்த இடைவெளிக்குச் சரியான கனத்தில் வாஷர் வைத்து நிரப்புங்கள். இரண்டு ரூபாய் வாஷர்தான். இதை விட்டுவிட்டு மேலே ஆயிரம் ரூபாய்க்குச் சாமான் மாட்டிய வண்டிகள் நிறைய ஓடுகின்றன.

அப்புறம் வரிசையாக: ஹேண்டில்பார் கிளாம்ப், சைலன்சர் பிராக்கெட், செயின் தொய்வு 25 முதல் 30 மி.மீ. (செயின் மிக இறுகலாக இருக்கும் இடத்தில் வைத்து அளக்க வேண்டும்), பின் சக்கரத்துக்குள் செயினின் இழுப்பைத் தாங்குகிற கஷ் ரப்பர். சென்டர் ஸ்டாண்டில் போட்டு, முன் ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் 'கடக்' என்று கேட்டால் கோன் செட் (ஹேண்டில் திரும்புகிற இடத்து பேரிங்) போய்விட்டது. வால்வைத் தள்ளுகிற டேப்பெட்டில் கைவைக்கத் தேவையில்லை, யூ.சி.இ. என்ஜினில் அது ஹைட்ராலிக், தானே சரிசெய்துகொள்ளும்.

கிளட்ச் கேபிளை இந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும். காய்ந்துபோன கேபிள் கிளட்சைக் கல்லாக்கும்; அதைப் பிடித்துப் பிடித்து இடது கை எப்போதும் இறுகியே இருக்கும். இறுக்கிப் பிடித்த கைக்குள்தான் அதிர்வு அதிகம் இறங்கும். இரண்டு லீவரையும் முழங்கையிலிருந்து விரல் வரை ஒரே கோடாக வருகிற சாய்வில் திருப்பி வையுங்கள். கேபிளுக்குள் நாலு சொட்டு ஆயில்.

செலவு ஏறக்குறைய பூஜ்யம். கவனிக்காமல் விட்ட வண்டிக்கு பத்துக்கு ஒன்பது. ஏற்கெனவே ஒழுங்காக வைத்திருக்கிற வண்டிக்கு இதில் பெரிதாகக் கிடைக்க எதுவும் இல்லை, நேரே எடைக்குப் போகலாம்.

ஃபோம் உறை

ஜோடி நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கிற கறுப்பு ஃபோம் குழாய். பழைய கிரிப்புக்கு மேலேயே மாட்டுவது. மாட்டியவுடன் கைக்கு மெத்தென்று இருக்கும், 'ஆகா' என்று தோன்றும். தோன்றுவது பொய்யல்ல, ஆனால் காரணம் வேறு.

மென்மையான பொருள் அதிர்வைத் தடுப்பதற்கு ஓர் எல்லை உண்டு. ஐ.எஸ்.ஓ. 10819 தரத்துக்குச் செய்யப்பட்ட அதிர்வுத் தடுப்புக் கையுறைகளே 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதையும் தடுப்பதில்லை. நம் வண்டியின் முக்கிய உதறலோ 50 முதல் 70. அது ஃபோமைத் தாண்டி அப்படியே கைக்கு வந்துவிடும். ஃபோம் வடிகட்டுவது அதற்கு மேலே இருக்கிற 'கிர்ர்' என்ற நுண்ணதிர்வை. கூடவே கிரிப் பருமனாவதால் அழுத்தம் விரல் மூட்டில் குவியாமல் உள்ளங்கை முழுக்கப் பரவுகிறது. இதமாகத் தெரிவது இதனால்தான். முப்பது கிலோமீட்டர் அலுவலகப் பயணத்துக்கு இது போதும். முன்னூறு கிலோமீட்டருக்குப் போதாது.

சிறிய கை உள்ளவர்களுக்கு எதிர்வினையும் உண்டு. கிரிப்பின் பருமன் 40 மி.மீ.யைத் தாண்டினால் விரல் முழுச் சுற்று வராது. பிடி நழுவாமலிருக்க இன்னும் இறுக்குவார்கள். மரப்பு குறைந்து முன்கை வலி கூடும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது வலது பக்கம். ஃபோம் ஒரு மி.மீ. கூட நீண்டு ஸ்விட்ச் பெட்டியை உரசக் கூடாது. உரசினால் ஆக்சிலேட்டரை விட்டாலும் முழுதாகத் திரும்பாது. மாட்டி முடித்ததும் ஹேண்டிலை இடம், நடு, வலம் என்று மூன்று நிலையிலும் திருப்பி, ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கி விட்டுப் பாருங்கள். 'டக்' என்று தானே மூட வேண்டும். மூடாவிட்டால் அந்தப் பக்கத்தை பிளேடால் 2 மி.மீ. வெட்டுங்கள். உள்ளே வழுக்கலுக்கு எண்ணெய் தடவாதீர்கள், என்றைக்கும் காயாது. கை கழுவும் ஸ்பிரிட் சானிடைசர் போதும், வழுக்கிக்கொண்டு ஏறும், பத்து நிமிஷத்தில் ஆவியாகிவிடும்.

ஐப்பசி மழையில் ஃபோம் ஒரு ஸ்பாஞ்ச். பிடிக்கும்போதெல்லாம் முழங்கை வரை தண்ணீர் வழியும். சித்திரை வெயிலில் வெளியே நிறுத்தினால் ஒரு வருஷத்தில் பொடிந்து கையில் கறுப்பாக ஒட்டும். பத்துக்கு ஐந்து. சிலிக்கான் உறை நனையாது, வெயிலுக்கும் தாங்கும், ஆனால் ஃபோமைவிடக் கெட்டி, வடிகட்டுவதும் குறைவு. அதற்கு நான்கு.

கிரிக்கெட் பேட் கிரிப்பை மாட்டுகிறவர்களும் பேட்மின்டன் டேப் சுற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். வியர்வைக்கு நல்லது. அதிர்வுக்கு ஒன்றுமில்லை.

ஆக்சிலேட்டருக்கு உள்ளங்கைப் பட்டை

வலது கிரிப்பில் கவ்வி நிற்கிற ஒரு பிளாஸ்டிக் துண்டு, நூறு ரூபாய் சுமார். உள்ளங்கையின் அடிப்பகுதியை அதன்மேல் வைத்து அழுத்தினால் ஆக்சிலேட்டர் நிற்கும், விரல்களைத் தளர்த்திக்கொள்ளலாம். அதிர்வை இது ஒரு துளியும் குறைப்பதில்லை. ஆனால் பிடி தளர்ந்தால் கைக்குள் இறங்குவது குறையும் என்பதால் நெடுஞ்சாலையில் ஃபோமைவிட அதிகப் பலன் தருகிறது.

நகரத்துக்குள் ஆபத்து. யூ-டர்ன் எடுக்கையில் மணிக்கட்டு தெரியாமல் அதன்மேல் பட்டால் வண்டி எகிறும். ஊருக்குள் வந்ததும் அதைச் சுழற்றிக் கீழ்ப்பக்கம் தள்ளிவிடுகிற பழக்கம் இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் வேண்டாம்.

பார் எண்டு: எடைதான் மருந்து

ஹேண்டில்பார் ஒரு ஸ்பிரிங் மாதிரி. நடுவில் கிளாம்ப் பிடித்திருக்கிறது, இரண்டு முனையும் தொங்கலில் நிற்கிறது. அதற்கென்று ஒரு சொந்த அலைவு உண்டு. என்ஜினின் உதறல் அந்த எண்ணோடு ஒத்துப்போகும் வேகத்தில்தான் கை மரக்கும். முனையில் எடை ஏற்றினால் இரண்டு நடக்கும்: அதே உதறலுக்கு முனை குறைவாக ஆடும், சொந்த அலைவும் கீழே இறங்கும். இரண்டாவது விஷயத்தைக் கடைக்காரர் சொல்லமாட்டார். அலைவு கீழே இறங்கினால், 80-இல் வந்துகொண்டிருந்த மரப்பு 60-க்கு வரும்! நீங்கள் எப்போதும் போகிற வேகம் அதுவாக இருந்தால் காசு கொடுத்து வினையை வாங்கியதாகிவிடும். அரைகுறை எடையில்தான் இது நடக்கும். போதுமான எடை இருந்தால், நீங்கள் எப்போதும் ஓட்டுகிற வேகத்துக்குக் கீழே தள்ளிவிடலாம். கியர் ஏறும்போது கடந்துபோகிற இடமாக அது மாறிவிடும்.

எவ்வளவு எடை என்பதை வாங்கும் முன்பே சோதித்துவிடலாம். 200 கிராம் தூண்டில் ஈயத்தையோ நட்டு போல்ட்டையோ ஒரு துண்டு சைக்கிள் ட்யூபில் போட்டுச் சுருட்டி, இடது கிரிப்பின் வெளி முனையில் இன்சுலேஷன் டேப்பால் இறுக்கிச் சுற்றுங்கள். இடது பக்கம் மட்டும். வலது பக்கம் ஆக்சிலேட்டர், அங்கே எதையும் கட்டக் கூடாது. காலியான சாலையில் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டி இடது கையையும் வலது கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். போதவில்லை என்றால் 300 கிராம். கண்ணுக்கும் ஒரு சாட்சி இருக்கிறது: இடது பக்கக் கண்ணாடியில் பின்னால் வருகிற லாரியின் நம்பர் எந்த வேகம் வரை படிக்க முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது கடைச் சரக்கு. நீலம், சிவப்பு, தங்க நிறத்தில் மினுக்குகிற சி.என்.சி. பார் எண்டுகள் பெரும்பாலும் அலுமினியம். 32 மி.மீ. விட்டம், 40 மி.மீ. நீளம், நடுவில் போல்ட் துளை. இந்த அளவுக்கு அலுமினியத்தில் எடை சுமார் 80 கிராம். அதே அளவு இரும்பில் 240. பித்தளையில் 260. வடிவம் ஒன்று, விலையும் ஏறக்குறைய ஒன்று, வேலையில் மூன்று மடங்கு வித்தியாசம். கடையில் கையில் எடுத்துத் தூக்கிப் பாருங்கள். எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்துகொண்டு எலுமிச்சம்பழம் போலவே லேசாக இருந்தால் அது அலங்காரம். காந்தம் ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் அலுமினியமாகவும் இருக்கலாம், 304 ஸ்டெயின்லெஸ், பித்தளையாகவும் இருக்கலாம், எனவே கனத்தையும் பாருங்கள். அலுமினியத்துக்குப் பத்துக்கு இரண்டு, அதுவும் கீழே விழுந்தால் லீவர் முனையைக் காப்பாற்றும் என்பதற்காக.

உண்மையான சிக்கனம் லேத்துப் பட்டறையில் இருக்கிறது. கோயம்புத்தூர் கணபதி பக்கம் தெருவுக்குத் தெரு பட்டறை. மற்ற ஊர்களிலும் ஒரு லேத்தாவது இருக்கும். கடைந்து தரச் சொல்ல வேண்டியது இரண்டு பகுதி. வெளிக் குமிழ்: 32 மி.மீ. விட்டம், 40 மி.மீ. நீளம், நடுவில் 6.5 மி.மீ. துளை, போல்ட் தலை உள்ளே மறைய ஒரு பள்ளம். உள் கம்பி: ஹேண்டில்பார் குழாயின் உள் விட்டத்தைவிட 1 மி.மீ. குறைவு, 120 மி.மீ. நீளம், ஒரு முனையில் எம்6 (6 மி.மீ. போல்ட்டுக்கான) மரை, உடம்பில் ஓ-ரிங் உட்கார இரண்டு வரிப்பள்ளம். 15 மி.மீ. கம்பி என்றால் 120 மி.மீ.க்கு சுமார் 165 கிராம் வரும். குமிழோடு சேர்த்தால் ஒரு பக்கத்துக்கு 400 கிராம். இரண்டுக்கும் நடுவில் 25 மி.மீ. நீளத்துக்கு ஒரு கெட்டி ரப்பர் புஷ். ஆலன் சாவியால் போல்ட்டை இறுக்கினால் ரப்பர் நசுங்கிப் பருத்துக் குழாயைக் கவ்விக்கொள்ளும். ஓ-ரிங் இரண்டும் கம்பி குழாயில் மோதிச் சலசலக்காமல் பார்த்துக்கொள்ளும். இறுக்கும்போது கம்பி சேர்ந்து சுற்றாமலும் தடுக்கும்.

உள் விட்டத்தை வெர்னியரால் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். வெளியே 22 மி.மீ. இருப்பதால் உள்ளே இவ்வளவுதான் இருக்கும் என்று ஊகிக்காதீர்கள். குழாயின் கனம் ஆளாளுக்கு மாறும், வெல்டிங் பிசிறும் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். பிசிறை வட்ட அரத்தால் ராவி எடுத்த பிறகு அளக்க வேண்டும். சில வண்டிகளில் முனைக்குள் நட்டு வெல்ட் செய்யப்பட்டிருக்கும்; அப்படியானால் உள் கம்பிக்கு வழியில்லை, வெளிக் குமிழ் மட்டும்தான்.

கிரிப்பின் முனை மூடியிருந்தால் பிளேடால் வட்டமாக வெட்டித் திறக்க வேண்டும். வலது பக்கம் கிரிப்புக்கு உள்ளே பிளாஸ்டிக் ஆக்சிலேட்டர் குழாயும் மூடியிருக்கும், அதையும் அறுக்க வேண்டும். அறுத்த விளிம்பில் பிசிறு நின்றால் ஆக்சிலேட்டர் சிக்கும். மெல்லிய எமரி தாளால் தேய்த்து, தூளை ஊதிவிடுங்கள். குமிழுக்கும் வலது கிரிப்புக்கும் இடையே 1.5 முதல் 2 மி.மீ. இடைவெளி கட்டாயம். பழைய ஏ.டி.எம். கார்டு இரண்டைச் சேர்த்து இடையில் நுழைத்துப் பாருங்கள், தடையில்லாமல் போக வேண்டும். இடைவெளி இல்லை என்றால் குமிழின் அடியில் ஒரு வாஷர் கொடுங்கள்.

குறைகள்: வண்டியின் அகலம் பக்கத்துக்கு 4 செ.மீ. கூடுகிறது. பாரிமுனை மாதிரி நெரிசலில் பக்கத்து ஆட்டோவின் கம்பியோடு பழக்கம் ஏற்படும். ஹேண்டில் திருப்ப கொஞ்சம் மந்தமாகும். ஒரு வாரத்தில் கை பழகிவிடும். இரும்புக் குமிழுக்கு ப்ளேட்டிங் செய்யாவிட்டால் துரு. பத்துக்கு எட்டரை. லேத்துக் கூலியும் பொருளும் சேர்த்து ஐந்நூறிலிருந்து எழுநூறுக்குள் முடிக்கலாம், பட்டறையில் துண்டுக் கம்பி கிடந்தால் இன்னும் குறையும்.

குழாய்க்குள் என்ன போடலாம்

லேத்து வேண்டாம், அகலம் கூடக் கூடாது என்றால் ஹேண்டில்பாரின் உள்ளேயே எடையை நிரப்புவது. தூண்டில் சாமான் கடையில் எடைபோட்டு விற்கிற சின்ன ஈயக்குண்டு இதற்கு முதல் தேர்வு. உள் விட்டம் 16 மி.மீ. என்றால் 10 செ.மீ. நீளத்துக்குக் குண்டு நிரப்ப சுமார் 135 கிராம் பிடிக்கும். அதே இடத்தில் சைக்கிள் பால்ஸ் (பேரிங்கில் போடுகிற இரும்புக் குண்டு) சுமார் 95 கிராம். காய்ந்த மணல் 30 கிராம் சொச்சம். மணல் ஏன் வேண்டாம் என்பதற்கு இந்த ஒரு வரி போதும். ஈரம் இருந்தால் துருவும் இலவசம்.

ஈயக்குண்டு எடையை மட்டும் தருவதில்லை. குழாய் அதிரும்போது ஒரு குண்டு இன்னொன்றோடு உரசுகிறது, அந்த உரசலில் அதிர்வின் சக்தி கொஞ்சம் சூடாகக் கரைகிறது. திடக் கம்பியில் இது கிடையாது. 'கிர்ர்' என்ற நுண்ணதிர்வுக்குக் குண்டு நன்றாகக் கேட்கிறது. பெரிய உதறலுக்கு முனையில் நிற்கிற திட எடைதான் மேல்.

செய்முறையில் அவசரம் கூடாது. ஸ்விட்ச் வயர் குழாய்க்குள் போகிறதா என்று முதலில் பாருங்கள். போனால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள். வெளியே போனாலும், ஸ்விட்ச் பெட்டி சுற்றாமலிருக்கக் குழாயில் ஒரு துளை போட்டிருப்பார்கள். அந்தத் துளை வழியே குண்டு ஒவ்வொன்றாகக் கசிந்து ஸ்விட்ச் பெட்டிக்குள் விழும். ஷார்ட் ஆகலாம்; வலது பக்கம் என்றால் ஆக்சிலேட்டர் கேபிள் உருளையில் சிக்கலாம். நிரப்பிய பகுதி துளைக்கு எட்டாதபடி, அதற்கு முன்னாலேயே ஓர் அடைப்பு வேண்டும். ரப்பர் செருப்பின் அடியிலிருந்து குழாய் அளவுக்கு வட்டமாக வெட்டிய இரண்டு துண்டுகளைக் குச்சியால் உள்ளே தள்ளி, முனையிலிருந்து 12 செ.மீ. ஆழத்தில் நிறுத்துங்கள். கிரிப்பின் நீளமே ஏறக்குறைய அவ்வளவுதான். குழாய் முனை மேலே பார்க்கும்படி வண்டியைச் சாய்க்க முடியாது. ஹேண்டில்பாரைக் கழற்றிச் செய்வதுதான் சுத்தம். ஒரு பிடி போட்டு ஸ்பானரால் குழாயைத் தட்டுங்கள், குண்டு இறங்கும்; மறுபடி ஒரு பிடி. நிரம்பியதும் இன்னொரு ரப்பர் வட்டை அழுத்தி அடைத்து மூடுங்கள். குலுக்கினால் 'கிலுகிலு' என்று கேட்டால் நிரப்பியது போதவில்லை.

ஈயம் நஞ்சு. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சாப்பாட்டு மேஜையில் வைத்துச் செய்யாதீர்கள், குழந்தைகள் எடுக்கிற மாதிரி மிச்சத்தைப் போட்டுவைக்காதீர்கள். அடுப்பில் உருக்கி ஊற்றுகிற யோசனை வேண்டவே வேண்டாம்: ஆவியும் நஞ்சு, குழாய்க்குள் ஒரு சொட்டு ஈரம் இருந்தால் உருகிய ஈயம் முகத்தில் தெறிக்கும். சின்னக் குழந்தைகள் இருக்கிற வீடு என்றால் சைக்கிள் பால்ஸ். கால் அங்குல பால் ஒன்று ஒரு கிராம் சொச்சம். ஒரு குரோஸ், அதாவது 144 எண்ணம், 150 கிராம். எண்ணுவதற்குச் சுலபம்.

ஈயக்குண்டுக்குப் பத்துக்கு ஏழு. முந்நூறு ரூபாய்க்குள் அடங்கும். நேரம்தான் அரை நாள் போகும்.

சிலிக்கான் பேஸ்ட்டை ட்யூபோடு பிதுக்கி நிரப்புவது இன்னொரு பழக்கம். பேஸ்ட் காற்றின் ஈரத்தை இழுத்துத்தான் இறுகும், அதுவும் வெளிப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு இரண்டு மூன்று மி.மீ. ஆழம்தான். மூடிய குழாயில் 10 செ.மீ. நிரப்பினால் வாரக்கணக்கில் உள்ளே கூழாகவே கிடக்கும். புளித்த வாசனை அடிக்கிற மலிவு ரகம் இறுகும்போது அசெட்டிக் அமிலம் விடும், இரும்பை அரிக்கும். எடையும் தண்ணீரைவிடச் சற்றுத்தான் அதிகம். மூன்று. ஸ்ப்ரே ஃபோம் நிரப்புகிறவர்கள் காற்றை நிரப்புகிறார்கள். அதற்கு மதிப்பெண் இல்லை.

கிளாம்ப்புக்கு அடியில் ரப்பர்: தொடாதீர்கள்

ஹேண்டில்பார் கிளாம்ப்புக்கும் குழாய்க்கும் நடுவில் சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றி மாட்டுவது மிக மலிவு, முதல் நாள் நன்றாகவும் இருக்கும். ரப்பர் நசுங்க நசுங்க போல்ட்டின் பிடி தளரும். அவசரப் பிரேக்கில் உடம்பின் எடை முழுதும் ஹேண்டில் மீது விழும்போது பார் முன்பக்கமாகச் சுழன்றுவிடும். பிரேக் லீவர் இருந்த இடத்தில் இருக்காது. இதற்கு மதிப்பெண் போடுவதே தவறு. கம்பெனியே ரப்பர் புஷ்ஷோடு கொடுத்த வண்டிகள் வேறு. அவற்றில் புஷ்ஷுக்குள் உலோகக் குழலும், பிடி விடாத அமைப்பும் இருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் புஷ் வெடித்திருந்தால் புதிதாக மாற்றுவது நல்ல செலவு.

அளக்க வேண்டுமென்றால்

ஃபைஃபாக்ஸ் என்ற இலவச ஆப், ஜெர்மனியின் ஆகென் பல்கலைக்கழகத்தில் உருவானது, போனின் முடுக்கமானியை வைத்து அதிர்வின் அலைவெண்ணைக் காட்டும். போன் நொடிக்கு 100 முறைதான் அளக்கிறது என்றால் 50 ஹெர்ட்ஸுக்கு மேல் அது காட்டுவதை நம்பாதீர்கள். 200-க்கு மேல் அளக்கிற போன் வேண்டும். நல்ல போனை இதற்கு மாட்டாதீர்கள். மோட்டார் சைக்கிள் ஹேண்டில்பாரின் அதிர்வு ஐபோன் கேமராவின் உள்ளமைப்பைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் எச்சரித்தது. அலமாரியில் கிடக்கிற, திரை உடைந்த பழைய போன் போதும். சென்டர் ஸ்டாண்டில், நியூட்ரலில், ஒரே ஆக்சிலேட்டர் நிலையில், எடை மாட்டுவதற்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிடுங்கள்.

ஆயிரம் ரூபாயை எப்படிப் பிரிப்பது? வாஷர், ஆயில் எல்லாம் ஐம்பது. லேத்தில் கடைந்த இரும்பு பார் எண்டு எழுநூறு. மிச்சத்தில் நீண்ட பயணம் போகிறவர் உள்ளங்கைப் பட்டை, நகரத்துக்குள்ளேயே ஓட்டுகிறவர் ஃபோம். அலுமினியக் குமிழ் வாங்கி ஏற்கெனவே மாட்டிவிட்டவர் அதைத் தூக்கிப் போட வேண்டாம், உள்ளே ஈயக்குண்டு நிரப்பினால் எடை சேர்ந்துவிடும்.

எம்6 போல்ட்டின் மரையில் நீல லாக்டைட் (போல்ட் தளராமல் பிடிக்கிற பசை) ஒரு சொட்டு விட்டு மாட்டி, போல்ட் தலைக்கும் குமிழுக்கும் குறுக்கே வெள்ளை பெயின்ட்டில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். முதல் 200 கிலோமீட்டருக்குப் பிறகு பாருங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் ரப்பர் புஷ் இன்னும் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. கழற்றி, மறுபடி ஒரு சொட்டு விட்டு இறுக்குங்கள்.